பழைய அச்சு, புதிய காசு: மறுஅடிப்புகளை எப்படி மதிப்பது?

ஒரு காசில் பொறித்திருக்கும் ஆண்டுதான் அது அடிக்கப்பட்ட ஆண்டு என்று நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். நாணயவியலுக்குள் நுழைபவர்கள் முதலில் கைவிட வேண்டிய நம்பிக்கை இது. 1804 என்ற ஆண்டைத் தாங்கிய அமெரிக்கச் செப்புக்காசு 1860 வாக்கில் அடிக்கப்பட்டதாக இருக்கலாம். கம்பெனி ஆட்சிக் காலத்து ஆண்டைத் தாங்கிய இந்தியக் காசு, கம்பெனி ஆட்சி மறைந்து நூறாண்டு கழித்துப் பம்பாய் நாணயச்சாலையில் அடிக்கப்பட்டதாக இருக்கலாம். இரண்டையும் போலிக் காசு என்று தள்ளிவிடவும் முடியாது. ஏனென்றால் அவற்றை அடித்த அச்சு உண்மையான பழைய அச்சு.

இப்படிப் பழைய அச்சுகளைக் கொண்டு பிற்காலத்தில் மீண்டும் அடித்த காசைச் சேகரிப்பாளர்கள் 'ரீஸ்ட்ரைக்' என்பார்கள். இந்தக் கட்டுரையில் மறுஅடிப்பு என்றே சொல்கிறேன். அமெரிக்காவில் இதைத் தனியாரும் செய்தார்கள். இந்தியாவில் பெரும்பாலும் அரசாங்கமே செய்தது. இரண்டு வரலாறுகளையும் சேர்த்துப் படித்தால் ஒரு முடிவுக்கு வர முடிகிறது: மறுஅடிப்புக்கு மதிப்பு உண்டு, எப்போது, யாரால், எத்தனை அடிக்கப்பட்டது என்ற விவரம் அதனுடன் இருக்கும்வரைதான் உண்டு. அந்த விவரம் தொலைந்த இடத்தில் ஏமாற்று நுழைகிறது.

பழைய இரும்புக் கடையிலிருந்து வந்த அச்சுகள்

பிலடெல்பியாவில் வாழ்ந்த ஜோசப் மிக்லி தொழிலால் இசைக்கருவிக் கைவினைஞர். 1799இல் பிறந்தவர். தன் பிறந்த ஆண்டைத் தாங்கிய ஒரு சென்ட் வேண்டும் என்று இளம் வயதில் தேடத் தொடங்கினார். 1799 சென்ட் அமெரிக்கச் செப்புக்காசுகளிலேயே அரிதான ஒன்று என்பது அந்தத் தேடலில்தான் அவருக்குத் தெரிந்தது. அங்கிருந்து தொடங்கிய அவரது சேகரிப்பு, அவரை அமெரிக்க நாணயச் சேகரிப்பின் முன்னோடிகளில் ஒருவராக்கியது.

பிலடெல்பியா நாணயச்சாலை தேய்ந்த அச்சுகளை அழிக்காமல் பழைய இரும்பாக விற்றுவந்தது. அவற்றில் சில சேகரிப்பாளர்கள் கைக்குப் போயின. 1850களில் சென்ட் சேகரிப்பு மோகமாகப் பரவி, கிடைக்காத ஆண்டுகளுக்கு விலை ஏறியபோது, துருப்பிடித்துக் கிடந்த இந்த அச்சுகளுக்கு மறுபடியும் வேலை வந்தது. 1804 சென்ட், 1823 சென்ட், 1811 அரை சென்ட் ஆகியவற்றின் தனியார் மறுஅடிப்புகள் அப்படிப் பிறந்தவை. இவை பொதுவாக மிக்லியின் பெயரோடு சேர்த்தே பேசப்படுகின்றன. 1811 அரை சென்ட்டின் மறுஅடிப்பில் ஏறத்தாழ ஒரு டஜன்தான் இன்று அறியப்பட்டுள்ளன. மூலக் காசைவிட மறுஅடிப்பு பல மடங்கு அரிதாகிவிட்ட விந்தை இது.

1804 மறுஅடிப்பைச் சற்று உற்றுப் பார்க்கலாம். தலைப்பக்கத்துக்கு 1803ஆம் ஆண்டு அச்சு ஒன்றை எடுத்து, கடைசி எண்ணை 4 ஆகத் திருத்தியிருக்கிறார்கள். பூப்பக்கத்துக்குக் கிடைத்ததோ 1820ஆம் ஆண்டு அச்சு. அசல் 1804 சென்ட்டின் பூப்பக்கத்தில் இலைமாலைக்குக் கீழே 1/100 என்ற பின்னம் இருக்கும்; ஒரு டாலரில் நூறில் ஒரு பங்கு என்பதற்கான அடையாளம் அது. 1820 அச்சில் அந்தப் பின்னம் கிடையாது. ஆகவே மறுஅடிப்பிலும் இல்லை. பரப்பு முழுக்கச் சிறுசிறு மேடுகள் தென்படும். அச்சின் எஃகில் துரு அரித்த குழிகள், அடிக்கும்போது காசில் மேடுகளாகப் பதிந்த தடம் அது. அந்தக் காசைப் படிக்கத் தெரிந்தவருக்கு எதுவும் மறைந்திருக்கவில்லை. படிக்கத் தெரியாதவரிடம் அதை அசலென்று விற்றுவிட முடிந்தது.

மிக்லி 1878இல் இறந்தார். அவருடைய உடைமைகள் ஏலத்துக்கு வந்தபோது அரசு அதிகாரிகள் தலையிட்டு அச்சுகளைக் கைப்பற்றினார்கள்.

இதே காலத்தில் வேறு வழியில் நடந்தவர்களும் உண்டு. 1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது, பிரிந்துபோன தென் மாநிலங்களுக்காக ராபர்ட் லவெட் என்ற பிலடெல்பியாச் செதுக்குநர் ஒரு சென்ட்டுக்கு அச்சு செய்து, சில காசுகளை அடித்துவிட்டு, பயத்தில் ஒளித்து வைத்தார். அந்த அச்சு ஜான் ஹேசல்டைன் என்ற வணிகரின் கைக்கு வந்தது. 1874இல் அவர் மறுஅடிப்பு செய்து, தங்கத்தில் 7, வெள்ளியில் 12, செம்பில் 55 என்று எண்ணிக்கையையும் வெளியிட்டார். அதேபோல் தென் மாநிலங்களின் அரை டாலர் அச்சைப் பெற்ற ஜே. டபிள்யூ. ஸ்காட், 1879இல் சாதாரண 1861 அரை டாலர்கள் 500ஐ வாங்கி, ஒரு பக்கத்தை மழித்துவிட்டு, அந்தப் பக்கத்தில் பழைய அச்சை அடித்து விற்றார். இவை இன்றும் மரியாதையோடு வாங்கப்படுகின்றன. யார், எப்போது, எத்தனை என்று சொல்லிவிட்டுச் செய்ததே அந்த மரியாதைக்குக் காரணம்.

அரசாங்கம் செய்தால் தவறு நேராது என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் புகழ்பெற்ற 1804 வெள்ளி டாலர் ஒன்றுகூட 1804இல் அடிக்கப்பட்டதல்ல. சயாம் மன்னருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் தூதர் வழியாகப் பரிசளிப்பதற்காக 1834 வாக்கில் அடிக்கப்பட்டவைதான் அவற்றில் முதலாவன. பின்னர் நாணயச்சாலை ஊழியர்கள் ஓசைப்படாமல் மேலும் சிலவற்றை அடித்தார்கள். இரு வகையும் சேர்த்து இன்று அறியப்பட்டவை மிகச் சிலவே. அதிகாரப்பூர்வ இடத்தில் பிறந்தும், பதிவு இல்லாமல் பிறந்ததால் அவற்றைப் பற்றிய சச்சரவு பல பத்தாண்டுகள் ஓயவில்லை.

பர்மிங்காமிலிருந்து மதராசுக்கு

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. மாத்யூ போல்டன் பர்மிங்காமில் 1788இல் சோஹோ நாணயச்சாலையை நீராவி இயந்திரத்தில் இயக்கத் தொடங்கினார். அது ஒரு தனியார் தொழிற்சாலை. அமெரிக்க நாணயச்சாலை தன் சென்ட்களுக்கான செப்பு வட்டுகளை 1790களின் பிற்பகுதியிலிருந்து அங்கிருந்து வரவழைத்தது. அதே சோஹோதான் கிழக்கிந்திய கம்பெனிக்காக மதராஸ் மாகாணத்தின் செப்புக்காசுகளையும் அடித்தது. 1803, 1808 என்ற ஆண்டுகளைத் தாங்கிய 5, 10, 20 காசு நாணயங்கள் அவை. ஒரு பக்கம் கம்பெனியின் சிங்கங்கள் தாங்கிய மரபுச்சின்னம். மறுபக்கம் இருபது காசு நான்கு ஃபுலூஸுக்குச் சமம் என்பதுபோலப் பாரசீகத்தில் மதிப்பு.

மதராசுக்கு இந்தக் காசுகளை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் முத்துக்குளிப்பாளர்போல் இறங்கியவர்கள் அதிலிருந்து ஏறத்தாழ பத்து லட்சம் 10 காசு, 20 காசு நாணயங்களை மேலே கொண்டுவந்தார்கள். தமிழகச் சந்தைகளில் கை மாறியிருக்க வேண்டிய 1808 காசு, ஒரு நாளும் புழங்காமல் புத்தம்புதிதாக இன்று உலகமெங்கும் மலிவாகக் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

சோஹோவின் முடிவும் பிலடெல்பியாவை ஒத்ததே. 1850இல் அதன் இயந்திரங்களும் பொருள்களும் ஏலம் போயின. பழைய அச்சுகள் லண்டனைச் சேர்ந்த டபிள்யூ. ஜே. டெய்லர் என்ற பதக்கச் செதுக்குநரின் கைக்கு வந்தன. அவர் துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, ஒருபோதும் ஜோடி சேராத தலைப்பக்கத்தையும் பூப்பக்கத்தையும் இணைத்து, ஏராளமான மறுஅடிப்புகளை வெளியிட்டார். நூறாண்டுக்கு மேல் நீடித்த இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்தியவர் வில்சன் பெக். 1960இல் வந்த அவரது பிரிட்டிஷ் மியூசியப் பட்டியல், சோஹோவின் முற்காலப் படைப்பு, பிற்காலப் படைப்பு, டெய்லர் மறுஅடிப்பு என்று காசுகளைப் பிரித்துக் காட்டியது. அச்சில் ஏற்பட்ட துருவும் கீறலும் எந்த வரிசையில் வளர்ந்தன என்று ஆயிரக்கணக்கான காசுகளில் பொறுமையாகப் பின்தொடர்ந்ததால் கிடைத்த பிரிவு அது. தனியார் மறுஅடிப்புகள் உண்டாக்கிய சேதத்தைப் பொறுமையான ஆய்வால் சரிசெய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

உறைந்துபோன ஆண்டுகள்

இந்தியக் காசுகளில் ஆண்டை நம்பக்கூடாது என்பதற்கு மறுஅடிப்புக்கும் முந்திய ஒரு காரணம் இருக்கிறது. முகலாய வழக்கில் நடப்பு ஆட்சியாண்டைத் தாங்கிய ரூபாய் முழு மதிப்புக்குச் செல்லும். ஆண்டு திரும்பியதும் காசு மாற்றும் சராப்புகள் அதற்கு வட்டம், அதாவது கழிவு, பிடிப்பார்கள். காசு தேயாமல் இருந்தாலும் பிடிப்பார்கள். ஏழைக் குடியானவன் கையிலிருந்த ரூபாய் ஆண்டுதோறும் இப்படிக் கரைந்தது. இதைத் தடுக்கக் கம்பெனி கண்ட வழி, ஆண்டையே மாற்றாமல் நிறுத்திவிடுவது. வங்காளத்து ரூபாய் முகலாயப் பேரரசர் ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டில் நின்றது. பரூக்காபாத் ரூபாய் 45ஆம் ஆட்சியாண்டில் நின்றது. நம் சென்னைத் தங்கசாலையில் அடித்த ஆற்காடு ரூபாய், இரண்டாம் ஆலம்கீரின் 6ஆம் ஆட்சியாண்டையும் ஹிஜ்ரி 1172ஐயும் சுமந்துகொண்டு, அந்தப் பேரரசர் இறந்து எழுபது ஆண்டுகள் கழித்தும் வெளிவந்தது.

ஆற்காடு ரூபாயை அடித்தது ஆற்காடு மட்டுமல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் நவாபிடம் அனுமதி பெற்று 1736 முதல் அடித்தார்கள். பிறை அவர்களுடைய அடையாளம். ஆங்கிலேயர்கள் அடித்ததில் தாமரை இருக்கும். விக்டோரியா காலத்திலும் இந்தப் பழக்கம் போகவில்லை. 1862 என்று பொறித்த ரூபாய்களே 1874 வரை அடிக்கப்பட்டன. எந்த ஆண்டில் அடித்தது என்பதைப் பம்பாய் நாணயச்சாலை சிறுசிறு புள்ளிகளால் குறித்தது. இங்கே உறைந்த ஆண்டு யாரையும் ஏமாற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அடித்தவர் யார் என்பதற்கான அடையாளம் காசிலேயே இருந்தது.

பம்பாயும் கல்கத்தாவும் அடித்த மறுஅடிப்புகள்

1835ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனி ஆண்ட பகுதிகள் முழுமைக்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அப்போது தொடங்கிய இயந்திர அச்சுகளைப் பம்பாய், கல்கத்தா நாணயச்சாலைகள் பத்திரமாக வைத்திருந்தன. சேகரிப்பாளர்கள் கேட்டபோது அந்த அச்சுகளில் காசு அடித்துக் கொடுப்பது வழக்கமான சேவையாகவே நடந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்த இந்த வழக்கம், 1970 ஜூலை 1 அன்றுதான் நிறுத்தப்பட்டது.

இவை நாணயச்சாலையிலேயே பிறந்தவை. உலோகமும் எடையும் சரி. ஆனால் மறுஅடிப்பு என்பதற்கான குறி எதுவும் காசில் இல்லை. எனவே கண்ணைத்தான் நம்ப வேண்டும். கம்பெனிக் காலத்து அசல் மாதிரிக்காசில் முகமும் மரபுச்சின்னமும் பளபளப்பற்ற மென்மையோடு இருக்கும். விளிம்பு கம்பிபோல் கூர்மையாக எழுந்திருக்கும். முற்கால மறுஅடிப்பில் முகமும் அதைச் சுற்றியுள்ள வெற்றுப்பரப்பும் ஒரே வழவழப்பாக இருக்கும். மெல்லிய மயிர்க்கோடுகள் அங்கங்கே தெரியும். பிற்கால மறுஅடிப்பிலோ பரப்பு வார்னிஷ் பூசியதுபோல் கண்ணாடியாக மின்னும், மயிர்க்கோடுகள் அடர்ந்திருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்தக் கோடுகள் பரப்புக்கு மேலே எழுந்து நிற்பது தெரியும். காசு கீறப்பட்டிருந்தால் கோடு பள்ளமாக இருக்க வேண்டும். மேடாக இருப்பதால், தேய்த்தது காசை இல்லை, அச்சை என்று புரிகிறது. துரு நீங்கப் பழைய அச்சை மீண்டும் மீண்டும் தேய்த்ததன் சாட்சி அந்தக் கோடுகள்.

இவற்றில் ஓர் ஆண்டின் தலைப்பக்கத்தோடு வேறு காலத்துப் பூப்பக்கம் சேர்ந்த காசுகளும் உண்டு. அப்படியொரு காசு ஒரு நாளும் புழக்கத்தில் இருந்ததில்லை. பிரெட் பிரிட்மோர் 1975லும் 1980லும் வெளியிட்ட பிரிட்டிஷ் இந்திய நாணயப் பட்டியல்கள் சேகரிப்பாளர்களுக்குப் பெரிய துணை. ஆனால் பட்டியல் புத்தகம் எட்டாத ஊர்களில், கண்ணாடிபோல் மின்னும் மறுஅடிப்பு 'அந்தக் காலத்துக் காசு, கை படாதது' என்று சொல்லியே விற்கப்படுகிறது.

பட்டறையில் பிறந்தவை

நாணயச்சாலை அச்சு இல்லாமலே பழைய காசைப் படைத்தவர்கள் நம் தட்டார்கள். வெனிஸ் நகரத்தின் டுகாட் 1284 முதல் 1797 வரை ஏறத்தாழ மூன்றரை கிராம் எடையில், வடிவம் மாறாமல் வந்த சுத்தத் தங்கம். தென்னிந்தியக் கடற்கரையில் அதற்கிருந்த நற்பெயரால், உள்ளூர்ப் பட்டறைகளிலும் அதைப்போல் அடித்துக் காசுமாலையில் கோத்தார்கள். லத்தீன் எழுத்து தெரியாத கைகள் எழுத்துகளை வெறும் கோடுகளாக மாற்றின. புனித மார்க்கும் ஆட்சித்தலைவரும் பிடித்திருக்கும் கொடிக்கம்பத்தைப் பனைமரமாகவும், பக்கத்தில் நிற்பவரை மரமேறியாகவும் நம் மக்கள் கண்டார்கள். இந்தக் காசுகள் நகையாகச் செய்யப்பட்டவை. தங்கம் தங்கமாகவே இருந்தது. யாரும் ஏமாறவில்லை.

இன்று நடப்பது வேறு. ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டில் ஒரு காப்பித் தோட்டத் தொழிலாளி வீட்டுப் பூசையறையில், குங்குமம் இட்டு வைத்திருந்த ஒரு காசைப் பார்த்தேன். ஒரு பக்கம் இராமர் பட்டாபிஷேகம். மறுபக்கம் ஆங்கிலத்தில் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818, ஹாஃப் அணா. "தாத்தா காலத்துக் காசுங்க, லட்சக்கணக்குல போகும்னு சொன்னாங்க" என்றார் வீட்டுக்காரர். விளிம்பைத் திருப்பிப் பார்த்தபோது இரண்டு அரைகளும் ஒட்டிய வார்ப்புக் கோடு சுற்றிலும் ஓடியது. நாணயச்சாலையில் அடித்த காசில் அந்தக் கோடு வராது. பழமைக் கறுப்பு எழுத்தின் பள்ளங்களில் மட்டும் திட்டாக உறைந்திருந்தது. கையில் புழங்கித் தேய்ந்த இடம் எங்குமே இல்லை.

கம்பெனி இப்படியொரு காசை அடித்ததே இல்லை. இதை நம்பவைக்கும் பாதி உண்மைகள் மட்டும் உண்டு. மதராஸ் கம்பெனி தன் வராகன்களில் விஷ்ணுவின் உருவைப் பொறித்தது மெய். 1807க்குப் பிறகு தங்கசாலையில் ஸ்பானிய டாலர்கள்மேல் அடித்த அரை வராகன், கால் வராகன் வெள்ளிக்காசுகளில் கோபுரமும் விஷ்ணுவும் இருப்பதும் மெய். கோயில்களோடு தொடர்புள்ள இராமடங்கா என்ற பட்டாபிஷேகக் காசுகள் பல நூறாண்டு மரபு என்பதும் மெய். 1818 என்ற ஆண்டும் பொருந்துவதுபோல் தோன்றுகிறது. மதராஸ் மாகாணம் வராகனைக் கைவிட்டு ரூபாயை ஏற்றது அந்த ஆண்டில்தான். சில ஆண்டுகளிலேயே, சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்தார். மலையில் முதல் காப்பித் தலைமுறை கண்ட காசு என்று சொன்னால் யாருக்கும் நம்பத் தோன்றும். நம்புகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கடவுள் உருவத்தைக் கும்பிடுவது அவர்கள் உரிமை. பழி முழுக்க, அதற்கு லட்சக்கணக்கில் விலை உண்டென்று சொல்லி விற்றவர்கள்மேல்.

இதே காசுகள் அரிசியை இழுக்கும் சக்தி கொண்டவை என்று 'ரைஸ் புல்லர்' மோசடியில் காட்டப்படுகின்றன. தமிழகக் காவல்துறை இத்தகைய கும்பல்களைப் பலமுறை கைது செய்திருக்கிறது. பழைய காசுகளை வாங்குவதாகத் தன் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்துவோரை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

செய்ய வேண்டியது

சட்டம் இதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. 2024 வரை நடைமுறையில் இருந்த 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 230ஆவது பிரிவு, புழக்கத்திலிருந்து போய்விட்ட காசும் இந்தியக் காசே என்று சொல்லி, பரூக்காபாத் ரூபாயை எடுத்துக்காட்டாகவே தந்தது. ஆனால் கம்பெனி அடிக்காத கம்பெனிக் காசை அந்த வரையறை பிடிக்கவில்லை. அமெரிக்கா 1973இல் ஒரு சட்டம் செய்து, பழைய நாணயங்களின் நகல் எதுவானாலும் அதில் நகல் என்ற சொல்லைப் பொறித்தே ஆகவேண்டும் என்றது. நமக்கும் அப்படி ஒரு கட்டாயம் வேண்டும். அலங்காரத்துக்கும் பூசைக்கும் காசு செய்பவர்களுக்கு அதனால் எந்த இழப்பும் வராது.

நாணயச்சாலைகளுக்கும் ஒரு கடமை இருக்கிறது. இன்று மும்பை, கொல்கத்தா நாணயச்சாலைகள் இந்தியப் பாதுகாப்பு அச்சு மற்றும் நாணயக் கழகத்தின் கீழ் உள்ளன. 1970 வரை எந்தெந்த அச்சில் எத்தனை மறுஅடிப்பு செய்து கொடுத்தார்கள் என்பதற்கான பதிவேடுகளைத் தொகுத்து அந்தக் கழகம் வெளியிட வேண்டும். ஹேசல்டைன் என்ற தனி வணிகர் 1874இல் செய்த காரியம் அது. ஓர் அரசு நிறுவனத்துக்கு முடியாததில்லை.

உங்கள் வீட்டிலும் பழைய காசு இருக்கலாம். புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்த காசு தன் சாட்சியத்தை இழந்துவிடும். நகைக்கடைத் தராசில் எடை பாருங்கள். 1835க்குப் பிந்தைய பழைய வெள்ளி ரூபாயானால் 11.66 கிராமுக்கு மிக அருகில் நிற்க வேண்டும். விளிம்பில் வார்ப்புக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். விலை சொல்லிக்கொண்டு யாராவது தேடி வந்தால், முன்பணமாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.